ஷூவா வெறுங்காலா: ஒரு பி.டி. டீச்சரின் நாட்குறிப்பு

ஜூலை 7, 2025, திங்கள்

குறுவட்டப் போட்டிக்கான சுற்றறிக்கை வந்துவிட்டது. பெண்கள் கபடி இந்த வருடம் மேட் மேல் நடக்கிறதாம். புதுக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளி மைதானம் முழுக்கச் செம்மண். பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து அதில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். விஷயத்தைச் சொன்னதும் எங்கள் ரைடர், எதிரணிக் கோட்டுக்குள் பாடிப் போகிறவள், கேட்டது, "ஷூ போடணுமா மிஸ்?" அடுத்த மூச்சில், "யாரு வாங்கித் தருவா?"

இரண்டாவது கேள்விக்குத் தலைமை ஆசிரியரிடம்தான் போக வேண்டும். முதல் கேள்விக்கு என் பதில்: போட்டே ஆகணும். மண்ணில் சறுக்கினால் மேல் மண்ணும் கூடவே நகர்ந்து கொடுக்கும். மேட் கொடுக்காது. வெறுங்காலை ஊன்றிச் சட்டென்று திரும்பினால் பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்து வந்துவிடும். வியர்வை சொட்டிய இடம் வழுக்கும். இரண்டு மேட் சேரும் இடுக்கில் விரல் மாட்டும். புரோ கபடியில் எல்லாரும் ஷூவோடு ஆடுவது அழகுக்கு இல்லை.

ஜூலை 9, புதன்

மேட்டெல்லாம் அப்புறம். இன்றைக்கு மண்ணில்தான் பயிற்சி, வெறுங்கால்தான். ஆனால் சும்மா "செருப்பைக் கழற்றுங்க" என்று சொல்லிவிடுவதில்லை. முதலில் எல்லாரும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வரிசை கட்டி, செருப்போடு, குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நெருஞ்சி முள், கருவேல முள், பாட்டில் மூடி, கம்பித் துண்டு எல்லாம் கைக்கு வரும். கருவேல முள் ரப்பர் செருப்பையே துளைத்துக்கொண்டு ஏறும், வெறுங்கால் எம்மாத்திரம். பிறகு கோட்டுக்குள் தண்ணீர் தெளிப்போம். மூன்றரை மணி வெயிலில் மண் எப்படிச் சுடும் என்று புறங்கையை வைத்துப் பார்ப்பேன். என் கை தாங்காத சூட்டில் அவர்கள் கால் வைக்க வேண்டியதில்லை.

பின்பக்க வேலியை ஒட்டி மட்டும் வெறுங்காலோடு விடமாட்டேன். அங்கே வெளிக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மாதிரி மண்ணில்தான் கொக்கிப்புழு இருக்கும், பாதத்தின் தோல் வழியாகவே உள்ளே போகும். பிறகு ரத்தசோகை. ஏற்கெனவே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைகள் இவர்கள்.

ஒன்று மட்டும் எந்த நாளும் கிடையாது: ரப்பர் செருப்போடு ஓடுவது. செருப்பு நழுவாமல் இருக்க விரல்களை இறுக்கிக்கொண்டே ஓட வேண்டியிருக்கும். வார் அறுந்தால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். அதற்கு வெறுங்கால் எவ்வளவோ மேல்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று பௌர்ணமி. கணக்கு சார் திருவண்ணாமலை கிரிவலம் போய் 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு நடந்துவிட்டு, இன்று ஸ்டாஃப் ரூமில் குதிகாலை ஊன்ற முடியாமல் உட்கார்ந்திருந்தார். வேண்டுதலுக்கு நடந்ததில் நான் என்ன சொல்ல? ஆனால் அவர் அடுத்துச் சொன்னதற்குத்தான் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. ஏதோ வீடியோ பார்த்தாராம், இனிமேல் தினமும் காலையில் தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடப்போகிறாராம்.

"அபேபே பிகிலா ஓடலையா டீச்சர்?" என்றார். ஓடினார். எத்தியோப்பிய வீரரான அவர் 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வாங்கினார். அங்கே கிடைத்த ஷூ அவருக்குப் பொருந்தவில்லை, வெறுங்காலோடு ஓடி ஏற்கெனவே பழக்கம் இருந்தது, கழற்றிவிட்டார். அதே மனிதர் 1964 டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி மறுபடி தங்கம் வாங்கிய கதையை அந்த வீடியோக்காரர்கள் சொல்வதில்லை.

வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகிறார்கள், அதனால் குதிகாலில் விழும் அந்த முதல் அடி குறைகிறது என்று ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் குழு 2010இல் எழுதியது உண்மைதான். ஆனால் அந்தப் பளு காணாமல் போய்விடாது, கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் இடம் மாறும். 2013இல் அமெரிக்காவில் ஷூவில் ஓடிப் பழகிய 36 பேரை எடுத்துக்கொண்டு, 19 பேரை, வெறுங்கால் ஓட்டத்துக்கு மாற்றாக விற்கும், விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூவுக்கு மாற்றினார்கள். பத்து வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தால் அதில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. கணக்கு சாருக்கு இந்தக் கணக்கு உறைத்தது. நாற்பது வருடம் ஷூவுக்குள் இருந்த கால் சார். வலி போன பிறகு, நம் மைதானத்துப் புல் உள்ள மூலையில், நடையோடு ஆரம்பியுங்கள், ஐந்து நிமிடம் போதும், மறுநாள் கெண்டைக்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள் என்றேன். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் வீட்டு டைல்ஸ் தரையில்கூட வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்றும் சொன்னேன். முகம் சுண்டிப் போயிற்று.

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவோடு பூங்காவுக்குப் போனேன். எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த பாதை. "கல்லுல வெறுங்காலோட நடந்தா சுகர் இறங்கும்னு எதிர்வீட்டு அக்கா சொன்னாங்க" என்று அம்மா செருப்பைக் கழற்றப் போனார். நான் விடவில்லை, நடுப் பூங்காவில் சண்டை.

நடந்தால் சர்க்கரை இறங்கும், சரி. அது நடையால். கல்லால் இல்லை. அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. போன மாதம் டாக்டர் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே தொட்டார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை அது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் "ம்" சொல்ல வேண்டும். குதிகாலில் சொன்னார். பெருவிரலின் அடியில் டாக்டர் தொட்டார், மறுபடி தொட்டார், அம்மா பேசாமல் காத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலுக்குக் கூழாங்கல் வேண்டாம். கல் கிழித்தாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது, சாக்ஸில் ஈரத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதுதான்: பாதத்தில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் இல்லை, வலி தெரியாமல் அதே இடத்தை ஊன்றி ஊன்றி நடப்பதால். அந்த வேலையில் வளர்ந்ததுதான் இன்று சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கும், மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. அம்மாவிடம் இரண்டு ஜோடி இருக்கிறது, ஒன்று வீட்டுக்கு. பூஜை அறை வாசலில் கழற்றுவேன் என்று பிடிவாதம், அந்த நாலு அடிக்கு நான் வாயை மூடிக்கொள்கிறேன். எட்டு போட்டோம், இருவரும் செருப்போடு. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத்தான் காபி.

ஜூலை 16, புதன்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா வந்தார். பையனுக்குப் பாதம் தட்டையாக இருக்கிறது, கெட்டியான ஷூ வாங்கி நாள் முழுக்கப் போட்டுவிடலாமா என்று கேட்டார். 1992இல் மணிப்பாலைச் சேர்ந்த உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 பிள்ளைகளின் பாதத்தைப் பார்த்து எழுதியதைச் சொன்னேன். காலணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8. மூடிய ஷூ போட்ட பிள்ளைகளிடம்தான் அதிகம். ஆறு வயதுப் பாதம் தட்டையாகத் தெரிவது சகஜம். வலிக்கிறது என்று சொன்னால் டாக்டரிடம் காட்டுங்கள், இல்லையென்றால் சாயந்திரம் மண்ணில் விளையாட விடுங்கள். ஷூ விற்கிற கடைக்காரர் என்னைத் திட்டுவார்.

ஜூலை 19, சனி

ஜிம். டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் எடைக் கம்பியைத் தூக்கி நிமிர்வது, செய்யும்போது நான் ஷூவைக் கழற்றிவிடுவேன். ஓடுகிற ஷூவின் அடியில் இருக்கும் நுரை, எடை ஏறியதும் அமுங்கிக் குதிகால் ஆடும். தரையில் பாதம் பதிந்தால் ஆட்டம் இல்லை, கம்பியைத் தூக்கும் தூரமும் கொஞ்சம் குறையும். எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டுக்கு நேர் எதிர்: கணுக்கால் மடங்காதவர்களுக்குக் குதிகால் உயர்ந்த கெட்டி ஷூதான் வசதி. ட்ரெட்மில்லில் வெறுங்கால் வேண்டாம், பெல்ட் தேய்த்துக் கொப்புளம் வரும். ஸ்கிப்பிங், பர்பி எல்லாம் சிமெண்ட் தரையில் என்றால் ஷூ. ஷட்டில் கோர்ட்டில் பக்கவாட்டில் பாய்ந்து நிற்க வேண்டும், அதற்கு ரன்னிங் ஷூகூட ஆகாது, கணுக்கால் பிசகும். தரையைப் பிடிக்கும் ரப்பர் அடி (கம் சோல்) போட்ட தாழ்வான ஷூ வேண்டும். யோகாவுக்கும் சிலம்பத்துக்கும் ஷூ கேட்டு வருகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஷூ வந்துவிட்டது. பழைய மாணவர்கள் சங்கம் பணம் கொடுத்தது. சாயந்திரம் நிற்க வைத்து அளவு பார்த்தோம், காலையில் வாங்கினால் சாயந்திரம் வீங்கிய காலுக்கு இறுக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் என் கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வெறுங்காலோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு விரல்கள் விசிறி போல விரிந்திருக்கின்றன. நீளம் சரியாக இருந்தால் அகலம் பிடிக்கிறது. மூன்று பேருக்கு ஆண்கள் அளவில் மாற்றி வாங்க வேண்டும்.

மண்ணில் இந்த ஷூ வழுக்குகிறது, அதனால் கலையரங்க மேடைத் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்துக் கால் வைப்பை மட்டும் பழகினோம். ரைடர் போனஸ் புள்ளி எடுக்கப் போனாள். ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டும்போது பின்கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். மண்ணில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவள், இன்று ஒவ்வொரு முறையும் பின்கால் நுனியைத் தரையில் உரசினாள். "எங்க முடியுதுன்னே தெரியல மிஸ்." ஷூவின் மூக்கு அவள் விரலைவிட ஒரு விரற்கடை நீளம், அந்த விரற்கடை இன்னும் அவள் காலாகவில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் இதையே போட்டு நடக்கச் சொல்லியிருக்கிறேன். திரும்பும்போது ஷூ அப்படியே ஒட்டிக்கொண்டு முழங்கால் மட்டும் முறுகுவதையும் பார்த்தேன். பாதத்தைத் தூக்கித் திருப்பு, ஊன்றித் திருப்பாதே என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

குறுவட்டம் முடிந்தது. முதல் ஆட்டம் சுலபமாக ஜெயித்தோம், அரையிறுதியில் நாலு புள்ளியில் தோற்றோம். தோற்றதற்கு ஷூ காரணமில்லை. கடைசி நேரத்தில் ரெண்டு கார்னரும், அதாவது மூலையில் நின்று பிடிக்கிறவர்களும், ஒரே சமயத்தில் பாய்ந்து அவுட் ஆனார்கள், அதற்குத் திட்டும் வாங்கினார்கள். ரைடர் இரண்டு போனஸ் எடுத்தாள், சுத்தமான போனஸ். பக்கத்து ஊர் அணியில் ரெண்டு பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடி, பெருவிரலில் பிளாஸ்திரியோடு வெளியே வந்தார்கள். எங்கள் முதலுதவிப் பெட்டியிலிருந்துதான் கொடுத்தோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. மைதானத்தில் யாரோ கூட்டம் போட்டுக் குடித்திருக்கிறார்கள். உடைந்த பாட்டில் கோட்டுக்கு நடுவிலேயே கிடக்கிறது, பெரியதைப் பொறுக்கிவிட்டோம், பொடிக் கண்ணாடி மண்ணோடு கலந்துவிட்டது. ஷூ வழுக்கினாலும் பரவாயில்லை, இந்த வாரம் வெறும் ஓட்டமும் நீட்டிப்புப் பயிற்சியும், எல்லாரும் ஷூவோடு. ஊராட்சியில் சொல்லி மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுச் செம்மண் ஒரு லோடு கேட்டிருக்கிறேன். அது வந்து, சலித்துப் போட்டு, தண்ணீர் விட்டு அமுக்கிய பிறகுதான் கபடி.