பார்க்காத முகம்

இரண்டு நாட்களாக ஒரே முகத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜார்ஜ் ஹெர்பர்ட். பெமர்ட்டன் என்ற சிற்றூரில் மூன்றே ஆண்டுகள் பாதிரியாராக இருந்து, 1633இல் 39 வயதில் இறந்த ஆங்கிலக் கவிஞர். ஒட்டிய கன்னம், துருத்திய கன்ன எலும்பு, தலையோடு ஒட்டிய தொப்பி, தோள்வரை சுருண்ட முடி. இந்த உருவத்தை அச்சுக்காகத் தகட்டில் கோடுகளாகச் செதுக்கிய ராபர்ட் வைட் பிறந்ததோ 1645இல்! ஆளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் இந்த முகத்தைத்தான் நகலெடுத்தார்கள். கன்னத்து நிழலை உற்றுப் பார்த்தால் வெறும் கோடுகள்தான்; கோடுகள் நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம்.

வில்லியம் டைஸ் 1860இல் வரைந்த ஓவியம் வேறு வகை. லண்டன் கில்ட்ஹால் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆற்றங்கரைத் தோட்டத்தில் கையில் புத்தகத்தோடு ஹெர்பர்ட் நிற்கிறார். தூரத்தில் சாலிஸ்பரி பேராலயத்தின் கோபுரம். எனக்குப் பிடித்தது கல்லிருக்கையில் சாய்த்து வைத்திருக்கும் லூட் என்ற நரம்பு வாத்தியம். வாரம் இருமுறை அந்தப் பேராலயத்துக்கு இசை கேட்க நடந்தே போவாராம். மரத்தடியில் ஒரு தூண்டிலும் இருக்கிறது. அது அவருடையதல்ல, அவர் வாழ்க்கையை எழுதிய ஐசக் வால்டன் மீன்பிடிப் பிரியர், அவருக்கான குறும்பு வணக்கம் அது. ஓவியருக்கும் கொஞ்சம் குசும்பு இருந்திருக்கிறது.