தாராவியிலிருந்து நர்சிங் சேரும் தங்கச்சிகளுக்கு

மருத்துவச் சொற்களை முழுசாக மனப்பாடம் செய்யாதீங்க, பிரித்துப் படியுங்க. பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் துண்டுகள்தான். முதலில் சொல்லின் கடைசிப் பகுதியைப் பாருங்க: ஐட்டிஸ் என்றால் அழற்சி, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது, அதனால்தான் அப்பெண்டிசைட்டிஸ், அதாவது குடல்வால் அழற்சி, வந்தவருக்கு குடல்வாலை வெட்டி எடுக்கும் அப்பெண்டெக்டமி. அப்புறம் சொல்லின் முன்பகுதி: டேக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மெதுவு, சரி, அது சுலபம். எனக்குப் பயம் ஹைப்பர், ஹைப்போ ஜோடிதான். சர்க்கரை கூடினால் ஹைப்பர்கிளைசீமியா, குறைந்தால் ஹைப்போகிளைசீமியா. வார்டு சத்தத்துக்கு நடுவே போனில் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும், ஆனால் முன்னதற்குப் பெரும்பாலும் இன்சுலின், பின்னதற்கு குளுக்கோஸ், மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சர்க்கரை அளவை எண்ணாகவும் சேர்த்துச் சொல்லுங்க, கேட்பவரைத் திருப்பிச் சொல்ல வையுங்க. ஞாயிறு சாயங்காலம் நோட்டோடு வீட்டுக்கு வாங்க, இங்கிலீஷில் புரியாததைத் தமிழில் பேசிப் பார்ப்போம்.