நடுமூளையில் தெரிந்த பாண்டா முகம்

பதினேழு வயதுப் பையன் ஒருவனின் எம்.ஆர்.ஐ. படங்கள் சென்ற மாதம் என் மேசைக்கு வந்தன. கையெழுத்து கோணி, பேச்சுக் குழறி, வலக்கை நடுங்கத் தொடங்கிய பின்னும், தேர்வுப் பயம் என்று சொல்லி ஏழெட்டு மாதங்கள் அவனுக்குத் தூக்க மாத்திரைதான் கொடுக்கப்பட்டிருந்தது. நீர் மிகுந்த இடங்களை வெளுப்பாகக் காட்டும் டி2 வகைப் படங்களில், மூளையின் ஆழத்திலுள்ள பியூட்டமென், தலாமஸ் என்ற பகுதிகள் இருபுறமும் வெளுத்திருந்தன. நடுமூளையின் குறுக்குவெட்டில், சுற்றிலும் வெளுத்த பரப்புக்கு நடுவே சிவப்பு உட்கருக்கள் எனப்படும் நரம்பணுத் திரள்கள் இரண்டும் கண்களாகவும், சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதியின் ஓரங்கள் காதுகளாகவும் கறுத்துத் தெரிந்தன. கதிரியக்க மருத்துவர்கள் பாண்டா முகம் என்று குறிப்பிடும் தோற்றம் இதுதான்.

1912-இல் கின்னியர் வில்சன் விவரித்த, தாமிரம் ஈரலிலும் மூளையிலும் படியும் பரம்பரை நோயை அது சுட்டியது. வில்சன் நோயாளிகள் எல்லோருக்கும் இந்த முகம் தெரிவதில்லை. தெரிந்தாலும் அதை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதம், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், கருவிழியின் விளிம்பில் பழுப்பு வளையம், தேவைப்பட்டால் இந்நோயில் பழுதாகும் ஏடிபி7பி மரபணு ஆகியவற்றை உடனே பார்க்க வேண்டும் என்று மருத்துவரைத் தூண்டுவதே படத்தின் வேலை. மருந்துள்ள மரபு நோய்கள் மிகச் சில. தாமிரத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் பெனிசிலமைன் 1956-இல் வந்ததிலிருந்து இது அவற்றுள் ஒன்று. காலத்தில் தொடங்கினால் மூளைப் படத்தின் வெளுப்பே பலருக்குக் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவேதான் வீணான அந்த ஏழெட்டு மாதங்கள் என்னை வருத்துகின்றன.

எல்லா நோயிலும் படம் இவ்வளவு பேசுவதில்லை. உடல் தன்னிச்சையின்றி அசையும் பரம்பரை மூளை நோயான ஹண்டிங்டனில், மூளையின் ஆழத்திலுள்ள காடேட் உட்கரு சுருங்குவது தெரியும் என்றாலும், சிஏஜி என்ற மூன்றெழுத்து மரபுத் தொடர் 40 அல்லது அதற்கு மேற்பட்ட முறை திரும்பத் திரும்ப வருவதைக் காட்டும் மரபணுச் சோதனையே முடிவு சொல்கிறது. அந்த மரபணுவைச் சுமப்பவரின் படம் பல ஆண்டுகள் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று யாருக்கும் ஆறுதல் சொல்லிவிடக் கூடாது. இதற்கு மாறாக, காலையில் நன்றாக நடந்து மாலையில் கால் முறுக்கிக்கொள்ளும் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. இயல்பாக இருந்து, மூளையில் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளின் கடத்தியைக் காட்டும் டாட் ஸ்கேனும் இயல்பாக இருந்தால், அந்த இயல்பே ஒரு தடயம். உடலில் டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்தின் சிறிதளவுக்கே கட்டுப்படும் டிஸ்டோனியா என்ற தசை முறுக்கு நோயாக அது இருக்கலாம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வில்சன் நோய் உண்டாகும்; நோயாளியின் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பையனின் பெற்றோர் மாமன் மகளும் அத்தை மகனும். வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா என்று தந்தையிடம் கேட்டேன். பதினொரு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள், அவளுக்கு ஒன்றுமில்லை, நன்றாக ஓடியாடுகிறாள் என்றார். அறிக்கையின் கடைசி வரியில் அவளுடைய ரத்தத்தையும் பரிசோதிக்கும்படி எழுதிவிட்டு, மருத்துவரைத் தொலைபேசியிலும் அழைத்துச் சொன்னேன்.