கொள்ளு வாளி வரும் நேரம்

அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கி வந்த, குஜராத்தின் கத்தியவார் இனப் பெண்குதிரைக்கு மயிலி என்று பெயர் வைத்தோம். சேணம் பூட்டும்போதும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யும்போதும் குழந்தைபோல் நிற்கும் அவள், காலையில் கொள்ளு வாளியின் ஓசை கேட்டதும் வேறு விலங்காகிவிடுவாள். முன்னங்காலால் லாயத் தரையைத் தோண்டுவதுபோல் கீறிப் பறிப்பாள், கதவை நெஞ்சால் தள்ளுவாள். நுனிகள் ஒன்றையொன்று தொடுமளவுக்கு வளைந்த அந்த அழகிய காதுகள் பிடரியோடு படிந்துவிடும். ஒருநாள் தொட்டியில் கொட்டுவதற்குள் அவள் தலையால் இடித்ததில் என் தோள் கதவு நிலையில் மோதி, ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்ற பழமொழியைச் சொல்லி, குதிரைக் குணமே அப்படித்தான் என்றார்கள் அக்கம்பக்கத்தார். நானும் சில மாதங்கள் அப்படியே நம்பினேன். பிறகுதான், அந்தப் பழக்கத்தை அவளுக்கு நாள்தோறும் கற்றுக்கொடுத்தது நானே என்பது விளங்கியது. அவள் தரையைப் பறிக்கும் சத்தம் கேட்டால் நான் விரைந்து நடந்தேன். அதட்டினாலும், அதட்டிய கையோடு கொள்ளைக் கொட்டினேன். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு எளிமையானது: காலால் பறித்தால் கொள்ளு வருகிறது.

தோட்டத்தில் எங்களுக்கு உதவிவரும் பெரியவர் ஒருவர் அதைவிட முந்தைய ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டினார். "பசிச்ச வாய்க்கு எப்படிங்க பொறுமை வரும்? மொதல்ல ராத்திரிக்குப் புல்லு போடுங்க" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. மேய்ச்சல் நிலத்தில் விடப்பட்ட குதிரை நாளில் ஏறத்தாழ 16 மணி நேரம் மேய்ந்துகொண்டே இருக்கும். அதன் இரைப்பை உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அந்த இரைப்பையில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்க, அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. நாங்கள் மாலை ஆறு மணிக்குப் போட்ட புல் எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். அதன்பின் விடியும்வரை வெறும் வயிற்றோடு நின்றவளிடம்தான் நான் ஒழுக்கத்தை எதிர்பார்த்தேன். இதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அன்றிலிருந்து, சுமார் 350 கிலோ எடையுள்ள அவளுக்கு உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்காக, நாளொன்றுக்கு 7 கிலோ உலர்ந்த புல்லை நிறுத்து, அதில் பெரும்பகுதியை இரவுக்கென வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டோம். வேகவைத்த கொள்ளையும் தவிட்டையும் ஒரே வேளையில் கொட்டாமல் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் புல் தின்ற பிறகே கொடுத்தோம். பறிப்பதில் பாதி இதனாலேயே நின்றது.

மீதிப் பாதிக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. அதைக் காலை நேரத்தில் தொடங்காமல், வயிறு நிறைந்திருக்கும் பிற்பகலில், ஒரு கைப்பிடித் தவிட்டை வாளியில் வைத்துக்கொண்டு தொடங்கினேன். அவள் காலைத் தூக்கினால் ஒன்றும் பேசாமல் ஓரடி பின்வாங்குவேன். நான்கு குளம்புகளும் தரையில் பதிந்த அந்த நொடியிலேயே ஓரடி முன்வைப்பேன். சற்றுத் தாமதித்தாலும், எதற்காக வாளி நெருங்கியது என்பது குதிரைக்குப் புரியாமல் போய்விடும். நான்காம் நாள் அவள் முன்னெப்போதையும்விட வேகமாகப் பறித்தாள். இதுவரை பலித்த வழி பலிக்காதபோது எந்த விலங்கும் முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். அந்த வேளையில் மனமிரங்கிக் கொட்டிவிட்டால், பலமாகப் பறித்தால்தான் கிடைக்கும் என்ற பாடம் பதிந்துவிடும். அன்று மிகுந்த நேரம் பிடித்தது, ஆனாலும் அவள் நின்றாள்.

அடுத்து, நெஞ்சில் விரல் வைத்து மெல்ல அழுத்தி, அவள் பின்னால் ஓரடி வைத்ததும் விரலை எடுத்துவிடப் பழகினேன். இரண்டு வாரத்தில் "பின்னே" என்ற சொல்லே போதுமானதாயிற்று. காத்திருக்கும் நேரத்தை ஒரு நொடியிலிருந்து பத்து நொடிவரை கூட்டினேன். அதற்குமேல் நிற்கவைப்பது அலைக்கழிப்பு என்றே கருதுகிறேன். தீவனத் தொட்டியருகே குதிரையை அடிப்பதும் தவறு: மனிதன் வந்தால் வலி வரும் என்று கற்ற குதிரை, தொட்டியைக் காப்பதற்காகவே காதை மடக்கும், கடிக்கவும் செய்யும். தின்னத் தொடங்கியபின் நாங்கள் யாரும் அவளைத் தொடுவதில்லை.

ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் வேறொருவர் பழைய முறையில் கொட்டிவிட, பறித்தல் திரும்பிவந்தது. அதன்பின் லாயக் கதவில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறேன்: முதலில் புல், நான்கு கால்களும் தரையில், ஓரடி பின்னே, பிறகு கொள்ளு. பெரியவருக்கு எழுத்து வாசிக்க வராது. ஆனால் அந்த வரிசையை எங்கள் எல்லோரையும்விடப் பிசகாமல் கடைப்பிடிப்பவர் அவர்தான். அவர் வாளியோடு வருகையில் மயிலி, சொல்லுக்கும் காத்திராமல், தானே ஓரடி பின்வைத்துக் காதுகளை முன்னோக்கி நிமிர்த்தி நிற்கிறாள்.