பள்ளத்து நிலமும் மேட்டு நிலமும்

நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் அதன் கீழே ஓடையோரம் அண்ணன் ஒருவர் குத்தகைக்குச் செய்யும் தோட்டத்துக்கும் இடையே நாற்பது அடி உயர வித்தியாசம்கூட இருக்காது. சென்ற டிசம்பரில் ஒரு விடியற்காலை அவருடைய பாத்திகள் உறைபனியில் வெளுத்துக் கிடந்தன. வெயில் ஏறியதும் இலைகள் வெந்நீரில் போட்டெடுத்த கீரையைப் போலத் துவண்டு, மறுநாள் கருகிவிட்டன. எங்கள் சரிவில் சில இலை நுனிகள் காய்ந்ததோடு சரி. காற்று அசையாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எங்களுக்கு வரவேண்டிய குளிரையும் சேர்த்து அவர் நிலமே வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ரொனால்ட் டுவோர்க்கின் 1981இல் எழுதிய கட்டுரைகளில் அதிர்ஷ்டத்தை இரண்டாகப் பிரித்தார். தெரிந்தே துணிந்து இறங்கிய காரியத்தின் விளைவு ஒன்று. நாம் கேளாமலே வந்து விழுவது மற்றொன்று. எல்லோருக்கும் ஒரேமாதிரி காப்பீடு கிடைக்குமானால், கேளாமல் வந்த இழப்பும் ‘எடுக்காமல் விட்டாய் அல்லவா’ என்று அவரவர் பொறுப்பாகிவிடும் என்பது அவருடைய வாதம். அண்ணன் பள்ளத்தில் பனி இறங்கும் என்று அறிந்தவர், காப்பீடும் எடுக்கவில்லை. அப்படியானால் இழப்பு அவருடையதுதானா?

அவரிடமே கேட்டேன். “மேட்டு நிலத்தை எனக்கு யாரு தம்பி குத்தகைக்குத் தருவாங்க? பள்ளம்னாதான் வாடகை கம்மி” என்றார். மேட்டு நிலம் என் தாத்தா வாங்கியது. அதில் என் தேர்வு எதுவுமில்லை. காப்பீட்டின் கதையும் இதுவே. 2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தோட்டப் பயிருக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம்தான் என்றாலும், அதற்குக் கேட்கும் அடங்கலுக்கு, அதாவது நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்குப் பதிவுக்கு, வாய்மொழிக் குத்தகைக்காரர் எங்கே போவார்? விளைச்சல் இழப்பையும் பெரும்பாலும் அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரியை வைத்தே கணக்கிடுகிறார்கள். சுற்றியுள்ள சரிவெல்லாம் பச்சையாக இருக்க ஒரு பள்ளம் மட்டும் கருகினால் அந்தச் சராசரி அசையுமா என்பது சந்தேகமே.

இன்னொரு அமெரிக்கத் தத்துவ அறிஞர் எலிசபெத் ஆண்டர்சன் 1999இல் இந்த வகைக் கோட்பாடுகளைக் கடுமையாகச் சாடினார்: கவனக்குறைவாக இருந்தவரைக் கைவிடுவதும், உதவி கேட்டு வருபவரிடம் ‘இது உன் தவறா, விதியா’ என்று அரசு துருவுவதும் சமமான மனிதர்களிடையே நடக்கக்கூடியவை அல்ல என்றார். நான் பெரும்பாலும் அவர் பக்கம்தான். ஆனாலும் டுவோர்க்கினின் ஒரு கேள்வி என்னை விடவில்லை: சமமான வசதியோடு, தனக்கு எந்த ஆபத்து வாய்க்கும் என்று தெரியாமல் தொடங்கினால் ஒவ்வொருவரும் எவ்வளவு காப்பீடு எடுத்திருப்பார்கள்? மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்று தெரியாதிருந்தால், மேட்டு விளைச்சலில் ஒரு பங்கு பள்ளத்துக்குப் போகட்டும் என்று அண்ணனும் நானும் அன்றே ஒப்புக்கொண்டிருப்போம்.

சொல்லாமல் விட்ட ஒன்று: காப்பீடு நானும் எடுக்கவில்லை. என் பயிர் பிழைத்ததால் அதை யாரும் கேட்கவில்லை.

இந்த முறையும் இருவரும் உருளைதான் போட்டிருக்கிறோம். அவர் பயிர் செய்யும் நிலத்தின் அடங்கல் இன்னும் நிலத்துக்காரர் பெயரிலேயே இருக்கிறது.