எவர்சில்வர் அண்டாவில் ஒரு சொட்டுகூடக் கசியாத குழாய்

வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளிலேயே அண்டாவில் ஓட்டை போடுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். வேறு வழியில்லை. இருபது முப்பது லிட்டர் வோர்ட் (பீராகப் போகும், முளைகட்டிய பார்லியான மால்ட்டின் சாறு) ஒரு மணி நேரம் ஹாப்ஸோடு (பீருக்குக் கசப்பு தரும் பூ) கொதித்து முடிந்ததும் இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தூக்கிச் சாய்ப்பது யாரும் செய்யக்கூடாத வேலை. மால்ட் சர்க்கரை கலந்த அந்தத் தண்ணீர் வெறும் வெந்நீர் மாதிரி வழிந்து ஓடிவிடாது, தோலில் ஒட்டிக்கொண்டு பொசுக்கும். அடிப்பக்கம் ஒரு பால் வால்வ் (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் குழாய்) இருந்தால் அண்டாவை அசைக்கவே வேண்டாம்.

நான் இருப்பது அமெரிக்காவில். இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவதை மத்திய சட்டம் அனுமதித்ததே 1979 பிப்ரவரியில் இருந்துதான், அதற்கு முந்தைய அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. இப்போது வால்வ் வைத்த கெட்டில் கடையிலேயே கிடைக்கிறது, காசு இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் நல்ல சாதாரண எவர்சில்வர் அண்டா ஒன்றை வாங்கி, எந்த இடத்தில் எந்த அளவில் குழாய் வேண்டுமோ அங்கே நாமே வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வீட்டில் பீர் காய்ச்சச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் வெந்நீர் அண்டாவிலோ குடிநீர்ப் பாத்திரத்திலோ குழாய் வைக்க இதே முறை அப்படியே பொருந்தும்.

பெரும்பாலானவர்கள் முதலில் போவது வெல்டிங் தேவைப்படாத வெல்ட்லெஸ் கிட்டுக்கு. ஓட்டை போட்டு, ஒரு நிப்பிளை (வெளியே மரை வெட்டிய குட்டைக் குழாய்) நுழைத்து, உள்ளே ஒரு நட்டு, வெளியே ஒரு நட்டு, நடுவில் சிலிகான் ஓ-ரிங் வைத்து இறுக்கிவிட்டால் முடிந்தது. முதல் நாள் கசியாது. ஆனால் வால்வைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த இறுக்கம் துளித் துளியாகத் தளரும், ரிங்குக்குப் பின்னாலும் மரைக்குள்ளும் வோர்ட் போய்க் காய்ந்து உட்கார்ந்துகொள்ளும், முழுதாகக் கழற்றாமல் அதைச் சுத்தம் செய்ய முடியாது. கொதிக்க வைக்கும் அண்டாவில் இது பெரிய ஆபத்து இல்லை, ஒரு மணி நேரக் கொதியில் கிருமி செத்துவிடும். நொதிக்க வைக்கும் பாத்திரத்தில் அப்படி விட முடியாது, அங்கே அந்த இடுக்குதான் பீரைப் புளிக்க வைக்கும்.

இன்னொரு வழி டிக் (TIG) வெல்டிங், மின்பொறியின் சூட்டில் உலோகத்தையே உருக்கி ஒட்டுவது. நல்ல வெல்டர் கிடைத்தால் அதற்கு நிகர் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்டாவின் சுவர் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, வெல்ட் செய்யும்போது உள்பக்கமும் ஆர்கான் வாயு கொடுத்துக் காற்றை விலக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் உள்ளே கருகிப் பொரிந்துபோன மாதிரி ஒரு சொரசொரப்பு வரும், அந்த இடம் சுத்தமும் ஆகாது, பின்னால் துருவும் பிடிக்கும். உணவுத் தொழில் பாத்திரங்களில் பழகிய வெல்டர் ஊரில் இல்லை என்றால் நான் சால்டருக்குத்தான், அதாவது குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கம்பியை உருக்கி மூட்டை ஒட்டுவதற்குத்தான், ஓட்டுப் போடுவேன். ஒரு புரொபேன் டார்ச் போதும், நம் வீட்டு கராஜிலேயே முடிகிற வேலை.

எந்த சால்டர் என்பதில் மட்டும் துளியும் சமரசம் கூடாது. மின்னணு வேலைக்கு விற்கும் 60/40 கம்பியில் நாற்பது சதவீதம் காரீயம். அது குடிக்கும் பொருள் பக்கம் வரவே கூடாது, அமெரிக்காவில் குடிநீர்க் குழாய்களில் காரீய சால்டரை 1986-லேயே தடை செய்துவிட்டார்கள். நமக்கு வேண்டியது வெள்ளீயமும் கொஞ்சம் வெள்ளியும் கலந்தது. ஹாரிஸ் கம்பெனியின் ஸ்டே-பிரைட்டில் 96 சதவீதம் வெள்ளீயம், 4 சதவீதம் வெள்ளி, 221 டிகிரி செல்சியஸில் உருகும். அதிலேயே எட்டாம் எண் என்று ஒன்று இருக்கிறது, அதில் வெள்ளி 6 சதவீதம். அது 221-இல் இளக ஆரம்பித்து 279-இல்தான் முழுக்க உருகும், அதனால் சற்று இடைவெளி உள்ள மூட்டை நிரப்ப வசதி. கடையில் சில்வர் சால்டர் என்று கேட்டால் சில சமயம் பிரேசிங் கம்பியை எடுத்துக் கொடுப்பார்கள். அது அறுநூறு டிகிரிக்கு மேல் உருகும் சரக்கு, மெல்லிய அண்டா அந்தச் சூட்டில் நெளிந்துவிடும், பழைய வகைகள் சிலவற்றில் காட்மியம் வேறு இருக்கும், அதன் புகை விஷம். அட்டையைப் படித்து வாங்குங்கள்.

221 டிகிரியில் உருகும் பொருளை அடுப்பில் வைக்கும் பாத்திரத்தில் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். முழுக்க வெள்ளீயம், உருகுநிலை 232 டிகிரி, ஆனாலும் உள்ளே ரசம் இருக்கிற வரை நெருப்பில் நிற்கும், வெறும் சொம்பை ஏற்றினால்தான் உருகும். இங்கேயும் அதே கணக்குதான். உள்ளே தண்ணீர் இருந்தால் மூட்டு நூறு டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். காலி அண்டாவை அடுப்பில் ஏற்றாதீர்கள், துளையை அடியோடு ஒட்டிப் போடாமல் சில சென்டிமீட்டர் மேலே போடுங்கள். பெரிய கேஸ் பர்னரின் தீ பக்கவாட்டில் ஏறி வந்தால் குழாய்க்குக் கீழே ஒரு தகட்டைத் தடுப்பாக வையுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். கசிவு வருமா வராதா என்பது டார்ச்சைப் பற்றவைக்கும் முன்பே, துளை போடும்போதே முடிவாகிவிடுகிறது. உருகிய சால்டர் மெல்லிய இடைவெளியில் தானாக இழுபட்டு ஓடும் தன்மை கொண்டது, அந்த இடைவெளி 0.05 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை இருந்தால் மிகச் சிறப்பாக ஓடும். அகலமான இடைவெளியைக் குழம்பு ஊற்றுகிற மாதிரி ஊற்றி நிரப்பப் பார்த்தால் நிற்காது, நின்றாலும் பலம் இருக்காது. அதனால் வெறும் தட்டையான ஓட்டையில் கப்ளிங்கை (வால்வை மாட்ட உள்ளே மரை வெட்டிய குட்டைக் குழாய்) செருகிச் சுற்றிலும் சால்டர் பூசுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஒரு மில்லிமீட்டர் தகட்டின் விளிம்பு மட்டும்தான் அங்கே பிடிமானம், வால்வில் மாட்டிய ஹோஸ் காலில் இடறினால் போய்விடும்.

விளிம்பை வெளிப்பக்கமாக இழுத்து ஒரு சின்னக் கழுத்து உண்டாக்குவதுதான் வழி. கப்ளிங்கின் வெளிவிட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையில் இருப்பதை வெர்னியரால் அளந்துகொண்டு அதைவிடச் சிறிய துளையை ஸ்டெப் டிரில் பிட்டால் (படிப்படியாகப் பெரிதாகும் கூம்பு பிட்) போடுங்கள். மெதுவான வேகம், நல்ல அழுத்தம், கொஞ்சம் எண்ணெய். எவர்சில்வரை வேகமாகத் துளைத்தால் அது இறுகிக் கல்லாகிவிடும், பிட்டும் மழுங்கிவிடும். துளை விழுந்ததும் பிசிறை அரத்தால் சுத்தமாக எடுங்கள், விளிம்பில் ஒரு சிறு கீறல் இருந்தாலும் இழுக்கும்போது அந்த இடத்தில்தான் தகடு கிழியும். அப்புறம் கூம்பு வடிவ இழுப்புக் கருவியை உள்பக்கம் வைத்து, வெளியே ஒரு தடித்த குழாய்த் துண்டைத் தாங்கலாக வைத்து, நடுவில் போகும் போல்ட்டை ஸ்பேனரால் இறுக்க இறுக்க, கூம்பு துளை வழியாக வெளியே வரும், தகடு அதோடு சேர்ந்து மடங்கி ஒரு கழுத்தாக எழும்பும். கப்ளிங்கை அதில் தட்டித்தான் நுழைக்க வேண்டும் என்ற அளவுக்குப் பிடிப்பாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

கப்ளிங்கும் எவர்சில்வராக இருக்கட்டும், 304 ரகம். பித்தளையில் கொஞ்சம் காரீயம் கலந்திருப்பது உண்டு, துத்தநாகம் பூசிய இரும்பு வேண்டவே வேண்டாம். அலுமினிய அண்டாவில் இந்த சால்டர் ஒட்டாது, அதற்கு வெல்ட்லெஸ்தான் கதி.

இரண்டு பக்கமும் உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து, அசிட்டோனால் துடைத்துவிட்டு, அதன் பிறகு விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எவர்சில்வரின் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது, அதுதான் துருவைத் தடுப்பது, சால்டரை ஒட்டவிடாமல் செய்வதும் அதுதான். இந்தப் படலத்தைக் கரைத்துச் சால்டரை ஒட்டவைக்கத் தடவும் மருந்துதான் ஃப்ளக்ஸ், ஆனால் குழாய் வேலைக்கு விற்கும் களிம்பு ஃப்ளக்ஸ் இதை அசைக்காது. துத்தநாக குளோரைடும் அம்மோனியம் குளோரைடும் கலந்த திரவ ஃப்ளக்ஸ் வேண்டும், ஸ்டே-கிளீன் அந்த வகை. அம்மோனியம் குளோரைடு வேறொன்றும் இல்லை, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் சூடான பாத்திரத்தில் தூவித் துணியால் தேய்ப்பாரே, அதே நவச்சாரம். அவர் வேலையில் குப்பென்று எழும் வெள்ளைப் புகை இங்கேயும் எழும், கதவைத் திறந்துவைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அண்டாவைப் படுக்கப் போட்டுத் துளை மேலே பார்க்கும்படி வையுங்கள். ஃப்ளக்ஸைக் கழுத்தின் உள்ளும் கப்ளிங்கின் மேலும் தடவிச் செருகி, சால்டர் கம்பியை ஒரு சுற்று வளையமாக வளைத்து வெளிப்பக்கம் கப்ளிங்கும் கழுத்தும் சேரும் இடத்தில் உட்கார வையுங்கள். டார்ச்சை அண்டாவுக்குள் விட்டுக் கீழிருந்து சூடு கொடுங்கள், தீ கப்ளிங்கில்தான் பட வேண்டும், தகட்டில் வேண்டாம். தடித்த கப்ளிங் சூடேற நேரம் எடுக்கும், மெல்லிய தகடு நொடியில் ஏறிவிடும், இரண்டும் ஒன்றாகச் சூடேற இதுதான் வழி. தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள், இடையிடையே விலக்குங்கள்.

முதலில் ஃப்ளக்ஸ் சளசளவென்று கொதித்து அடங்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், இந்த இடத்தில் பலரும் பொறுமை இழந்து தீயைக் கூட்டிவிடுவார்கள், கூட்டாதீர்கள். வளையத்தின் மேல் மினுமினுப்பு மாறும், ஓரிடத்தில் தொய்ந்து சாயும், அப்புறம் சட்டென்று முழு வளையமும் பாதரசம் போல நெகிழ்ந்து இடுக்குக்குள் காணாமல் போய்விடும். அதே நொடியில் உள்ளே எட்டிப் பார்த்தால் கப்ளிங்கைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கோடு ஒன்று வந்திருக்கும். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த காட்சி அதுதான், சால்டர் சூட்டை நோக்கி மேலிருந்து கீழ்வரை முழுதாக இறங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கோடு எங்காவது விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் தீயைக் காட்டி, கம்பியின் நுனியால் ஒரு தொடல் கொடுங்கள். தீ விலகியதும் ஆறும் வரை எதையும் அசைக்கக் கூடாது, ஊதவோ தண்ணீர் ஊற்றவோ வேண்டாம்.

தகடு வைக்கோல் நிறமாக மாற ஆரம்பித்தால் சூடு முன்னூறு டிகிரியை ஒட்டிப் போய்விட்டது என்று அர்த்தம். ஃப்ளக்ஸ் கறுத்துவிட்டால் அதன் மேல் சால்டர் ஓடவே ஓடாது, உருண்டு உருண்டு விழும். அப்போது போராடாமல் ஆறவிட்டு, தேய்த்துச் சுத்தம் செய்து, புது ஃப்ளக்ஸோடு மறுபடி ஆரம்பிப்பதுதான் சீக்கிரம் முடியும் வழி.

ஆறியதும் உடனே கழுவ வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. மிச்சம் இருக்கும் குளோரைடு எவர்சில்வரில் ஊசி முனை மாதிரிக் குழி குழியாக அரிக்கும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் உள்ளேயும் வெளியேயும் கப்ளிங்கின் மரைக்குள்ளும் நன்றாகத் தேயுங்கள். நிறம் மாறிய இடத்துக்கு ஆக்சாலிக் அமிலம் உள்ள பார் கீப்பர்ஸ் ஃப்ரெண்ட் பொடி நன்றாக வேலை செய்யும்.

வால்வை டெஃப்லான் டேப் சுற்றி மாட்டிவிட்டு, அண்டாவில் தண்ணீர் நிரப்பி முதலில் பச்சையாகவே சில மணி நேரம் நிற்க விடுங்கள், அப்புறம் கொதிக்க வைத்து ஒருமுறை பாருங்கள். சொட்டு தெரிந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று காய்ந்த டிஷ்யூ காகிதத்தைக் கப்ளிங்கின் அடியில் ஒருமுறையும் வால்வின் மரையில் ஒருமுறையும் ஒற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் மரைதான், டேப்பைப் பிரித்துப் புதிதாகச் சுற்றினால் நின்றுவிடும். கப்ளிங்கின் அடியில் ஈரம் என்றால் தண்ணீரை வடித்து, நன்றாக உலர்த்தி, ஃப்ளக்ஸ் தடவிச் சூடு காட்டுங்கள். பழைய சால்டரே மறுபடி உருகி ஓடும், அந்த இடத்தில் கூடுதலாக ஒரு துளி கொடுத்தால் போதும்.