பட்டியலில் இல்லாத பெயர்கள்

2023 நவம்பரில் ஒரு நாள் மாலைக் காட்சிக்கு, ராயப்பேட்டையில் உள்ள திரையரங்கு ஒன்றுக்கு என் தம்பியை அழைத்துச் சென்றேன். படம் விது வினோத் சோப்ரா இயக்கிய 'ட்வெல்த் ஃபெயில்'. சம்பல் பகுதியின் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பன்னிரண்டாம் வகுப்பில் தோற்று, டெல்லியில் மாவு மில்லில் வேலை செய்துகொண்டே படித்து இந்தியக் காவல் பணிக்குத் தேர்வான மனோஜ் குமார் சர்மாவின் வாழ்க்கையைத் தழுவிய கதை அது. டிக்கெட் எடுத்து முடித்த பிறகுதான் எனக்குள் அச்சம் தொற்றிக்கொண்டது. என் தம்பி அதே குடிமைப் பணித் தேர்வை ஆறு முறை எழுதியவன். மூன்று முறை முதன்மைத் தேர்வு வரை சென்றான். ஒருமுறை டெல்லி ஷாஜஹான் சாலையில் உள்ள தோல்பூர் மாளிகையில் நேர்முகத் தேர்வையும் முடித்துவிட்டு வந்தான். இறுதிப் பட்டியலில் ஒருமுறைகூட அவன் பெயர் வரவில்லை. வென்றவனின் கதையை இரண்டரை மணி நேரம் பார்க்கும்படி அவனை உட்கார வைப்பது அன்பா, கொடுமையா என்று விளக்கு அணையும்வரை நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் கௌரி என்றொரு மூத்த மாணவர் வருகிறார். அன்ஷுமான் புஷ்கர் நடித்திருக்கிறார். தன் கடைசி வாய்ப்பிலும் தோற்ற பிறகு ஊருக்குத் திரும்பாமல், பயிற்சி மையங்கள் நிறைந்த டெல்லி முகர்ஜி நகரிலேயே ஒரு டீக்கடை போட்டு, அதற்கு 'ரீஸ்டார்ட்' என்று பெயர் வைத்து, அங்கே வரும் பிள்ளைகளுக்குத் தேர்வின் நெளிவுசுளிவுகளைக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். மனோஜ் தன் இறுதி முயற்சிக்கு வேறு வேலை இல்லாமல் படிக்க முடிந்ததற்கும் அவரே காரணம். அந்தக் கடை திரையில் வந்தபோது தம்பி இருக்கையின் முன்நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். இடைவேளையில் அவன் எதுவும் பேசவில்லை. படம் முடிந்து ஸ்கூட்டரை எடுக்கப் போகும் வழியில், "அக்கா, அந்த டீக்கடைக்காரனையும் ஒரு ஆளா மதிச்சுப் படத்துல வெச்சிருக்காங்களே" என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து, மனதை நிமிர்த்தும் படம் என்று பெயர் வாங்கிய எந்த இந்திப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: வெல்லாதவர்களை அந்தப் படம் என்ன செய்கிறது? அவர்களைக் கதாநாயகனின் உயரத்தை அளந்து காட்டும் குச்சியாக மட்டும் நிறுத்துகிறதா, அல்லது அவர்களுக்கும் ஒரு பெயரும் ஒரு முகமும் மறுநாள் காலையில் போய் நிற்க ஓர் இடமும் தருகிறதா? பின்னதைச் செய்யும் படமே பார்க்கத் தகுந்தது என்பது என் முடிவு.

இதை வெறும் உணர்ச்சியால் சொல்லவில்லை. 2023-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10,16,850 பேர். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,92,141 பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர். விண்ணப்பித்த ஆயிரம் பேருக்கு ஒருவர். அப்படிப்பட்ட ஒரு தேர்வைப் பற்றிய படம் அந்த ஒருவரை மட்டும் காட்டிவிட்டு, முயன்றால் முடியாதது இல்லை என்று முடித்துக்கொண்டால், மற்ற 999 பேரும் முயலவில்லை என்றுதான் பொருளாகிறது. அண்ணா நகர் சாந்தி காலனிப் பக்கம் நடந்து போகிறவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். தேர்வு முடிவு வந்த வாரத்தில் பயிற்சி மையங்களின் வாசலில் ஃபிளெக்ஸ் பேனர்கள் ஏறிவிடும். அவற்றில் பாஸ்போர்ட் அளவுப் படங்களும் தரவரிசை எண்களும் இருக்கும். அதற்குக் கீழேயே, அந்தப் பேனரில் இடம் பெறாத பிள்ளைகள் கையில் புத்தகப் பையோடு தேநீர் குடித்துக்கொண்டு நிற்பார்கள். என் தம்பி ஏழு ஆண்டுகள் அப்படி நின்றான். ஒரு படமும் அந்தப் பேனரைப் போலவே இருந்துவிடலாம், நிறைய இந்திப் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன. 'ட்வெல்த் ஃபெயில்' பேனருக்குக் கீழே நிற்பவர்களையும் பார்த்தது. அதன் கதாநாயகனே முதலில் தோற்பது, காப்பியடிக்க விடாத ஒரு நேர்மையான காவல் அதிகாரியால்தான் என்பதும், அந்தத் தோல்வியே அவனுக்கு வாழ்க்கையின் திசையைக் காட்டுகிறது என்பதும் கதையின் மிக அழகான முடிச்சு.

இந்த அளவுகோலோடு திரும்பிப் பார்க்கையில், 2007-இல் வந்த 'சக் தே இந்தியா' எனக்கு இன்னும் உயர்ந்து தெரிகிறது. ஷிமித் அமின் இயக்கி, ஜெய்தீப் சாஹ்னி எழுதிய அந்தப் படம் ஒரு தோல்வியில்தான் தொடங்குகிறது. பாகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பெனால்டி வாய்ப்பைத் தவறவிட்ட அணித்தலைவன் துரோகி என்று தூற்றப்பட்டு, தாயோடு சொந்த வீட்டை விட்டு வெளியேறுகிறான். ஏழு ஆண்டுகள் கழித்து, யாருக்கும் நம்பிக்கை இல்லாத பெண்கள் ஹாக்கி அணிக்குப் பயிற்சியாளராக வருகிறான். இதன் பின்னால் ஓர் உண்மை மனிதர் இருக்கிறார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா 1-7 என்று பாகிஸ்தானிடம் தோற்றபோது கோல்கீப்பராக நின்ற மீர் ரஞ்சன் நேகி அன்று பட்ட அவமானம் கொஞ்சமில்லை. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியோடு அவர் பயிற்சியாளராக இருந்தார். படத்தின் நடிகைகளுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்தவரும் அவரே. உலகக் கோப்பை இறுதியில் கடைசி பெனால்டியைக் கோல்கீப்பர் வித்யா தடுக்கும் அந்த நொடியில், தான் தவறவிட்ட பெனால்டியைத்தான் அந்தப் பயிற்சியாளன் மறுபடி பார்க்கிறான். அதனால்தான் அந்த வெற்றி நம் தொண்டையை அடைக்கிறது. பதினாறு பெண்களின் கோப்பையோடு ஒரு மனிதனின் பழைய தோல்வியும் அங்கே மதிக்கப்படுகிறது.

சென்னையில் இருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தில் இன்னொன்றும் உண்டு. முகாமில் பெயர் பதிவு செய்யும் அதிகாரி, ஆந்திரத்திலிருந்து வந்த வீராங்கனையைத் தமிழ் பேசுபவள் என்று நினைத்துக்கொள்கிறார். தெலுங்கு என்று அவள் திருத்தியதும், தமிழுக்கும் தெலுங்குக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்கிறார். பஞ்சாபிக்கும் பீகாரிக்கும் உள்ள அளவு வித்தியாசம் என்று அவள் பதில் சொல்ல, நான் பார்த்த அரங்கில் எழுந்த கைதட்டல் இறுதிக் காட்சிக்கு எழுந்ததைவிடப் பெரியது. நம்மைப் பற்றி எப்போதும் பொத்தாம்பொதுவாகப் பேசிவந்த இந்தித் திரையுலகம் தன் தவறைத் தானே கவனித்த தருணம் அது. படம் வெளியாகி மூன்று வாரங்களில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசியக் கோப்பை ஹாக்கி தொடங்கியது. அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தம்பியோடு இறுதி ஆட்டத்துக்குப் போனேன். தென் கொரியாவை இந்தியா 7-2 என்ற கணக்கில் வென்ற அந்த மாலையில், கேலரியில் இருந்த, இந்தியில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத பிள்ளைகள் அந்தப் படத்தின் தலைப்பைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

'தங்கல்' படத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. நிதேஷ் திவாரி அதை எடுத்த நேர்த்தியும், பதினான்கு வயதில் மணமேடை ஏறும் தோழி, தந்தையிடம் மல்யுத்தம் பழகும் போகட் சகோதரிகளிடம் பேசும் காட்சியும் மறக்க முடியாதவை. அந்தத் தோழிக்குப் பதக்கம் கிடையாது, தப்பிக்க வழியும் கிடையாது. ஆனால் அவள் பேசும் அந்த ஒரு நிமிடத்தில்தான் தந்தையின் கண்டிப்புக்குக் கதையில் ஒரு நியாயம் கிடைக்கிறது. இப்படி எழுதத் தெரிந்தவர்கள், இறுதிப் பகுதியில் தேசியப் பயிற்சியாளரைப் பொறாமைக்காரராக்கி, அவரால் தந்தை ஓர் அறையில் பூட்டப்படுவதாகக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. உண்மையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின் 55 கிலோ இறுதிச் சுற்றை கீதா போகட் எளிதாகவே வென்றார். படத்தில் வருவதுபோல் கடைசி நொடியில் ஒரு பெரிய பிடி போட்டுத் தப்பிக்கவில்லை. காமன்வெல்த் மல்யுத்தத்தில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்பதே போதிய செய்தியாக இருக்கையில், அதை உயர்த்துவதற்காக வேறொருவரைத் தாழ்த்த வேண்டிய தேவை என்ன? 'தாரே ஜமீன் பர்' மீதும் எனக்கு இதே போன்ற சிறு வருத்தம் உண்டு. எழுத்துகள் கண்முன் ஆடும் அந்தச் சிறுவனுக்கு ஓவியப் போட்டியில் முதல் பரிசு கிடைத்திருக்க வேண்டியதில்லை. தாயின் கையில் அவனுடைய நோட்டுப் புத்தகம் புரள, அதன் பக்கங்களில் அவன் வரைந்த குடும்பத்தை விட்டு ஒரு சிறு உருவம் மெல்ல மெல்ல விலகிப் போகும் இடத்திலேயே படம் தன் உயரத்தை அடைந்துவிட்டது.

என் அம்மாவைக் கேட்டால் இந்தப் பேச்சுக்கு அவர் ஒரே ஒரு படத்தைத்தான் சொல்வார். கௌரி ஷிண்டே இயக்கிய 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' 2012 அக்டோபரில் தமிழிலும் வந்தது. ஸ்ரீதேவி பல ஆண்டுகளுக்குப் பிறகு நடிக்கிறார் என்பதற்காகவே அம்மா வந்தார். அவருக்கு ஸ்ரீதேவி என்றும் மயிலுதான். ஆங்கிலம் தெரியாததால் கணவனிடமும் மகளிடமும் சிறுமைப்படும் சசி, அக்கா மகளின் திருமணத்துக்காக நியூயார்க் போன இடத்தில் யாருக்கும் சொல்லாமல் நான்கு வார வகுப்பில் சேர்கிறாள். வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பித் தரும்படி பக்கத்தில் நிற்பவரைக் கேட்டே பழகிய என் அம்மா, காபி வாங்கப் போன இடத்தில் சசி திணறி ஓடிவரும் காட்சியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இந்தப் படத்தின் முடிவை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு குறைவதில்லை. வகுப்பின் இறுதித் தேர்வு நாளும் திருமண நாளும் ஒன்றாகி, அவள் செய்து வைத்த லட்டுத் தட்டை மகன் தட்டிவிட, தேர்வுக்குப் போகாமல் மறுபடி லட்டு பிடிக்க உட்கார்ந்துவிடுகிறாள். ஒரு சாதாரண உற்சாகப் படம் அவளைக் கடைசி நிமிடத்தில் தேர்வறைக்குள் ஓட வைத்திருக்கும். இங்கே அவள் போகவே இல்லை. மாலையில் திருமண விருந்தில், மனைவிக்கு ஆங்கிலம் வராது என்று கணவன் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கத் தொடங்கும்போது, அவளே எழுந்து, தட்டுத் தடுமாறி, இலக்கணப் பிழைகளோடு சில நிமிடம் பேசுகிறாள். உலகம் அறியாத ஓர் அறையில், இருபது முப்பது பேருக்கு முன்னால் நடக்கும் அந்த வெற்றியின் அளவு எவ்வளவு சரியாக இருக்கிறது! படம் முடிந்து வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது அம்மா பேச்சைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "ரெண்டாந்தடவையும் அவ அவசரப்படல, பாத்தியா. ஒரு லட்டுகூட கோணல் இல்ல" என்றார். அம்மாவின் மதிப்பீடு என்னுடையதைவிட நுட்பமானது என்று இப்போது தோன்றுகிறது.

எவருமே வெல்லாத ஒரு காட்சியால் நம்மை எழுந்து நிற்க வைத்த படமும் ஒன்று உண்டு. அசுதோஷ் கோவாரிகரின் 'ஸ்வதேஸ்' 2004-இல் வந்தபோது வசூலில் தோற்றது. அதன் தமிழ் வடிவமான 'தேச'த்தில் ஏ.ஆர். ரகுமான் பாடிய 'உந்தன் தேசத்தின் குரல்' இன்றும் நம் ஊர் மேடைகளில் ஒலிக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டவர்களைவிடப் படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. நாசாவில் வேலை செய்யும் மோகன், குத்தகைப் பணம் வாங்கிவர ஓர் ஏழை உழவனின் வீட்டுக்குப் போகிறான். நெசவை விட்டுவிட்டு உழவுக்கு மாறியதற்காக ஊரால் ஒதுக்கப்பட்ட அந்த மனிதனின் கதையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறான். ரயில் ஒரு சிறு நிலையத்தில் நிற்கிறது. ஒரு சிறுவன் மண் குவளையில் நான்கணாவுக்குத் தண்ணீர் விற்கிறான். இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து பாட்டில் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாத மோகன் அதை வாங்கிக் குடிக்கிறான். ரயில் புறப்படுகிறது. அந்தச் சிறுவனுக்கு எதுவும் மாறவில்லை, அவனை யாரும் பள்ளியில் சேர்க்கவில்லை, உழவனின் கடனும் தீரவில்லை. இசை உயர்ந்து நம்மை அழு என்று தள்ளுவதும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மோகனால் பழையபடி இருக்க முடியாது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டு நிமிடத்துக்குச் சற்று கூடுதலான அந்தக் காட்சிக்காகவே மூன்று மணி நேரத்துக்கும் மேலான அந்தப் படத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன்.

தம்பி இப்போது அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையத்தில் தமிழ் இலக்கியம் விருப்பப்பாடத்தை நடத்துகிறான். சென்ற மாதம் அவனிடம் படித்த பெண் ஒருத்தி தன் கடைசி வாய்ப்பையும் இழந்துவிட்டாள். மூன்று நாளாக அறையை விட்டு வெளியே வரவில்லை என்று விடுதித் தோழி சொன்னாளாம். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் அன்றிரவு என் வீட்டுக்கு வந்தான். ஒரு படம் பார்க்கச் சொல்லலாமே, 'ட்வெல்த் ஃபெயில்' வேண்டாம் என்றால் 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' பார்க்கட்டுமே என்றேன். அவன் சற்று நேரம் யோசித்தான்.

"இப்ப வேணாம் அக்கா. நாளைக்கு அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போறேன். படம் ஒரு மாசம் கழிச்சுப் பாக்கட்டும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கே டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு போனான்.